அக்கா, உன் ஸ்லைடில் என்ன இருந்தது என்றால்

என்னைச் ‘செந்திலு’ என்று இழுத்துக் கூப்பிட்ட ஒரே ஆளான என் வளர்மதி அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பித்தால் நீ சிவப்பு மையில் அடித்துவிடுவாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு என்னிடம் ஒன்று கேட்டு வரச் சொன்னாயே, அதற்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. அதை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

ஊர்ச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் நடுவில் நிறுத்திக் கேட்பாய். நம் அரியலூரை மறுபடியும் தனி மாவட்டம் ஆக்கிவிட்டார்கள். முன்பு ஒருமுறை பிரித்துவிட்டுப் பிறகு பெரம்பலூரோடு சேர்த்தபோது நீ சொன்னது ஞாபகம் இருக்கிறதா? “பிரியறதா வேணாமான்னு ஒரு செல்லு கூட இவ்வளவு குழம்பாதுடா” என்றாய். இப்போது இருந்தால் இதையே பிளஸ் டூ வகுப்பில் போர்டில் படம் போட்டு விளக்கியிருப்பாய்.

அடுத்த செய்தி, எனக்குக் கல்யாணம். விக்கிரமங்கலத்துப் பெண், பெயர் சுமதி. தை பிறந்ததும் முகூர்த்தம். பெண் பார்க்கப் போன இடத்தில் கொடுத்த பஜ்ஜியை அம்மா தொடவே இல்லை. பஸ் ஏறும்போது மட்டும், “வளரு இருந்திருந்தா அந்தப் பொண்ணோட அடுப்படிக்கே போயி பேசிட்டு வந்திருப்பா” என்றாள். 

உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் திரும்பச் சொல்கிறேன். சொல்லிப் பார்த்தால்தான் எனக்கு எல்லாம் கோர்வையாக வருகிறது.

முதலில் உன் கையில் நீலம் நீலமாகத் தடம் விழுந்தது. பெரம்பலூர் பஸ்ஸில் தினம் நின்றுகொண்டு போய்வருகிறாய், கம்பியில் இடித்திருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். பல் தேய்த்தால் ரத்தம் வந்தது. படியேறி வகுப்புக்குப் போனால் மூச்சு வாங்கியது. ‘ரத்தம் பத்தலை’ என்று அம்மா முருங்கைக்கீரையும் பீட்ரூட்டுமாகப் போட்டுத் தாளித்தாள். பெரம்பலூரில் ரத்தப் பரிசோதனை செய்த டாக்டர் காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உடனே சென்னைக்குக் கூட்டிப் போகச் சொன்னார்.

நான் வழக்கமான தம்பி மாதிரி டாக்டரைத் தனியாக ஓரங்கட்டி, “அக்காவுக்குத் தெரிய வேணாங்க” என்று கெஞ்சினேன். வெளியே வந்தால் நீ அந்தக் காகிதத்தை அதற்குள் படித்து முடித்திருந்தாய். உயிரியல் டீச்சரிடம் போய் ரத்தப் புற்றுநோயை மறைக்கப் பார்த்த முட்டாள் நான்தான். நீ அழவில்லை. “அம்மாகிட்ட ரத்தம் ஊறலைன்னே சொல்லு. அது பொய் கூட இல்ல” என்றாய். அதுதான் நீ.

சென்னையில் உன் இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜை எடுத்தார்கள். நோய் என்ன வகை என்று பார்ப்பதற்கு எடுத்தது போக, ஒரு சின்னப் பங்கை ஆராய்ச்சிக்குத் தரமுடியுமா என்று கேட்டு வந்தார் ஒரு பெண் டாக்டர். உன் வயதுதான் இருக்கும். தடிமனான மூக்குக்கண்ணாடி, கையில் எப்போதும் கண்ணாடி ஸ்லைடு. அவருக்குக் ‘கண்ணாடி டாக்டர்’ என்று பெயர் வைத்தது நீதான்.

“இத்தன வருஷமா தவளைய ஜாடியில போட்டு வச்சேன். இப்ப என் முறை” என்று சொல்லிவிட்டு நீ கையெழுத்துப் போட்டாய். டாக்டர் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

எனக்கு அந்த ஆராய்ச்சி ஒன்றும் பிடிபடவில்லை. நான் சிமெண்டு லேபில் வேலை பார்க்கிறவன். ரெட்டிபாளையத்தில் இருந்துகொண்டு, மாவை அச்சில் வார்த்துக் கட்டியாக்கி, தண்ணீரில் ஊறவைத்து, மெஷினில் வைத்து உடைத்துப் பார்த்து, தேறியதா தேறவில்லையா என்று சொல்வது என் பிழைப்பு. எனக்கு எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு பதில் வேண்டும். அப்போது நீ எனக்குப் புரிகிற பாஷையில் சொன்னாய்.

“உங்க சுண்ணாம்புக்கல் சுரங்கத்துல எடைமேடை இருக்குல்ல? அங்க கம்பிய தூக்காம லாரி போவுமா? அது மாதிரிதான். ஒரு செல்லு ரெண்டா பிரியணும்னா வழியில ஒவ்வொரு கேட்டுலயும் நிக்கணும். கம்பிய தூக்கி வுடுறதுக்கு ஒரு புரதம் இருக்கு, சைக்ளின்னு பேரு. தூக்க வுடாம புடிச்சிக்கிறதுக்கு வேற ஒண்ணு இருக்கு. என் ரத்தத்துல கேட்டு ஒழுங்கா வேலை செய்யல. லாரி பாட்டுக்கு நிக்காம ஓடிட்டு இருக்கு.”

“அத பாத்து என்ன பண்ணப் போறாங்களாம்?”

“யாரு ஒடம்புல தூக்குறது அதிகமா இருக்கு, யாரு ஒடம்புல புடிக்கிறது அதிகமா இருக்குன்னு பாப்பாங்க. அத வச்சு யாருக்கு நோய் அடங்கியே இருக்கும், யாருக்கு திரும்ப வரும்னு முன்கூட்டியே சொல்ல முடியுமான்னு பாக்குறாங்க.”

“அப்ப ஒனக்கு எப்புடின்னு சொல்லுவாங்களா?”

“அது தெரியல” என்று சொல்லி நீ சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாய்.

மருந்து ஏறியது, முடி கொட்டியது, வாயெல்லாம் புண்ணானது. அதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. ஆனால் நோய் அடங்கியது அக்கா. மஜ்ஜை சுத்தமாக இருக்கிறது என்று டாக்டர்கள் சொன்ன அன்று நீ எழும்பூர் ஸ்டேஷனில் நின்று இட்லி கேட்டாய். தலையில் ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு திரும்பவும் பள்ளிக்கூடம் போனாய். ‘டீச்சர் ஸ்டைலா இருக்கீங்க’ என்று பிள்ளைகள் சொன்னதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

அந்த நல்ல நாட்களில்தான் நீ கடைவீதிக்குப் போய் அந்தப் பட்டுப்புடவையை எடுத்தாய். மாம்பழ நிறம், அரக்குக் கரை. எனக்குப் பெண்ணே பார்க்க ஆரம்பிக்கவில்லை. “யாருக்குக்கா இது?” என்று கேட்டேன். “ஒன் கல்யாணத்துல மூணாவது முடிச்சு யாருடா போடுறது? நாத்தனாரு நான்தானே? இத கட்டிக்கிட்டுத்தான் போடுவேன்” என்றாய். அம்மா அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் சாமி படத்துக்கு விளக்கேற்றினாள்.

பிறகு அது திரும்பி வந்தது. உன் கையில் மறுபடி நீலத் தடம் பார்த்த அன்று நீ புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாய். நானும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மறுபடி சென்னை, அதே கட்டில், அதே ஜன்னல். அப்போதுதான் நீ கேட்டாய். இந்த முறை ஜோக் எதுவும் இல்லை.

“செந்திலு, இது திரும்பி வரும்னு மொத நாளு எடுத்த ஸ்லைடுலயே எழுதியிருந்துச்சா? அந்த டாக்டருகிட்ட கேட்டு வந்து சொல்லு.”

“இப்ப எதுக்குக்கா அது?”

“எனக்குத் தெரியணும்டா. ஸ்கூலுக்குப் போனேன், புடவை எடுத்தேன், அடுத்த வருஷத்துக்குப் பாடம் பிரிச்சு வச்சேன். அங்க ஒரு கண்ணாடியில ‘இவ பொழைக்க மாட்டா’ன்னு எழுதியிருக்கறப்ப நான் இங்க கூத்தடிச்சிட்டு இருந்தேனா? நம்புனது முட்டாள்தனமா இல்லையான்னு மட்டும் தெரிஞ்சா போதும்.”

நான் போய்க் கேட்டேன். சொல்ல முடியாது என்றார் கண்ணாடி டாக்டர். ஸ்லைடுகளில் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். எது யாருடையது என்று தெரியாமல்தான் படிக்கிறோம். எல்லாம் முடிகிற வரைக்கும் எண்ணைப் பெயரோடு சேர்க்கக் கூடாது என்றார். நான் அந்த வராந்தாவிலேயே சத்தம் போட்டேன். உடம்பு எங்கள் அக்காவுடையது, பதில் மட்டும் உங்களுடையதா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது, ஆனால் சொல்லவில்லை.

திரும்பி வந்து உன்னிடம் அவரைத் திட்டினேன். நீ என்னைத்தான் திட்டினாய். “பப்ளிக் பரீட்சை பேப்பர் திருத்தப் போவேன்ல, அங்க பேரு, நம்பரு எல்லாத்தையும் மறச்சுதான்டா குடுப்பாங்க. யாரு பேப்பர்னு தெரிஞ்சா கை சாயும். அவங்க சரியாத்தான் செய்யறாங்க. திருத்தி முடிச்சதும் கேட்டுச் சொல்லு. மறந்துறாத.”

மறக்கவில்லை அக்கா. ஆனால் அவர்கள் திருத்தி முடிப்பதற்குள் நீ போய்விட்டாய்.

கல்யாணமாகாத பெண்ணைப் புதைப்பதுதான் வழக்கம் என்று பங்காளிகள் சொன்னார்கள். எரிக்கச் சொல்லி நீ என்னிடம் சொல்லியிருந்தாய், நான் விட்டுக்கொடுக்கவில்லை. மறுநாள் பால் தெளித்து எலும்பு பொறுக்கி, திருமானூரில் கொள்ளிடத்தில் கரைத்தோம். “ஒண்ணும் விட்டுப்போவலயேடா, எல்லாத்தயும் எடுத்தியா?” என்று அம்மா கரையில் நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். எல்லாம் எடுத்தாயிற்று என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். எனக்கும் அப்போது அதுதான் நிஜம்.

கண்ணாடி டாக்டர் போன வாரம் போன் செய்தார். ஆராய்ச்சி முடிந்துவிட்டது, உன் கேள்விக்குப் பதில் சொல்லலாம், விருப்பம் இருந்தால் வரலாம் என்றார். நான் சத்தம் போட்டதையும் அவர் மறக்கவில்லை, உன் கேள்வியையும் மறக்கவில்லை. உன் மஜ்ஜையில் கொஞ்சம் இன்னும் பத்திரமாக உறைய வைத்திருக்கிறோம் என்றும் சொன்னார்.

என் வாய் சும்மா இருக்குமா? சாப்பிட உட்கார்ந்தவன் அதை அப்படியே அம்மாவிடம் ஒப்பித்தேன்.

“அக்காகிட்ட எடுத்த மஜ்ஜை இன்னும் அங்க ஐஸ்ல இருக்காம்மா.”

“என்னது இருக்கு?”

“எலும்புக்குள்ள இருக்கும்ல, அது. கொஞ்சூண்டு.”

அம்மா குழம்புக் கரண்டியைச் சட்டியிலேயே போட்டுவிட்டாள். “அப்ப எம்பொண்ணு ஆத்துல பாதி, ஐஸ்ல பாதியா கெடக்குறாளா?”

“பாதியெல்லாம் இல்லம்மா. ஒரு சொட்டு.”

“சொட்டுன்னா அது அவ இல்லியா? அவளுக்குக் குளுரே ஆவாதேடா. மார்கழியில காத மூடாம வாசப்படி தாண்ட மாட்டா. அவளப் போயி ஐஸ்ல போட்டு வச்சிருக்காங்களே!”

இது வெறும் அழுகையாக இருந்திருந்தால் சமாளித்திருப்பேன். ஆனால் நடுவில் கல்யாணம் இருக்கிறதே. நம் வீட்டில் ஒரு கல்யாணம் என்றால், செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரியாக அழைக்காமல் பந்தக்கால் நட மாட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். ஆற்றுக்குப் போய், பூச்சுற்றிய குடத்தில் தண்ணீர் மொண்டு, பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, புதுப்புடவை வைத்துப் படைக்க வேண்டும். அவள் வந்து நின்றால்தான் கல்யாணம் கல்யாணம். இந்த முறை அழைக்க வேண்டியது உன்னை.

“ஆத்துலேருந்து கூப்புட்டா எப்புடிடா வருவா? முழுசா அங்க இருந்தாத்தானே வருவா?” என்றாள் அம்மா. “அத வாங்கியாந்து ஆத்துல கரச்சிட்டு அப்புறம் கூப்புடுவோம். இல்லாட்டி என்னால அந்தப் பந்தல்ல கால் வைக்க முடியாது. நீயே தாலி கட்டிக்க.”

விளக்கிப் பார்த்தேன், கோபப்பட்டுப் பார்த்தேன். அம்மா அசையவில்லை. “நானும் வரேன். நீ கேட்டா படிச்சவங்க ஏதாச்சும் சொல்லி அனுப்பிச்சிருவாங்க” என்று சொல்லிக் காலை ரயிலுக்குக் கிளம்பிவிட்டாள். மடியில் ஒரு சின்ன எவர்சில்வர் தூக்கு, வாய்க்கு மஞ்சள் துணி கட்டியிருந்தாள். உன்னை வாங்கி வருவதற்கு. அந்தத் தூக்கை விருத்தாசலம், விழுப்புரம் என்று வழிநெடுகப் பார்த்துக்கொண்டு போவது எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைக்கிறாய்?

கண்ணாடி டாக்டர் எங்களை அவருடைய அறைக்கே கூட்டிப்போய் உட்கார வைத்தார். அம்மா வந்த விஷயத்தை ஒரே மூச்சில் சொன்னாள். டாக்டர் சிரிக்கவும் இல்லை, பாடம் எடுக்கவும் இல்லை.

“தாராளமா எடுத்துக்கலாம்மா. எப்ப வேணும்னாலும் திருப்பிக் கேக்கலாம்னு வளர்மதிகிட்ட அப்பவே சொல்லியிருந்தேன். அது உங்களோடதுதான்.”

அம்மாவுக்கு முகம் தெளிந்தது. நான் உன் கேள்விக்கு வந்தேன். “அது திரும்பி வரும்னு மொதல்லயே ஸ்லைடுல இருந்துச்சாங்க?” என்று கேட்டுவிட்டேன்.

“இல்லை” என்றார். “எண்ணைப் பேரோட சேர்த்ததும் நான் முதல்ல தேடினது அவங்களைத்தான். அவங்க ஸ்லைடுல தூக்கற புரதம் கம்மி, பிடிக்கறது நல்லாவே இருந்தது. அதை மட்டும் வச்சு என்னைச் சொல்லச் சொல்லியிருந்தா, இவங்களுக்குத் திரும்பி வராதுன்னுதான் சொல்லியிருப்பேன்.”

அக்கா, எனக்கு அப்போது சந்தோஷமா ஆத்திரமா என்று தெரியவில்லை. “அப்ப எதுக்குங்க இந்த ஆராய்ச்சி? தேறும்னு சொன்னது தேறலயே!” என்றேன். இந்த முறை சத்தம் வரவில்லை.

“மொத்தமா சேர்த்துப் பார்த்தா ஓரளவு சொல்லுது. ஒரே ஒரு ஆளைப் பார்த்து இவர் பிழைப்பார், இவர் மாட்டார்னு சொல்ற பலம் அதுக்கு இல்லை. நாங்க பார்த்த ஆட்களும் கம்மி.” கையிலிருந்த ஸ்லைடை மேஜையில் வைத்தார். “வளர்மதி மாதிரி எதிர்மாறா போனவங்கதான் முக்கியம். நாங்க பார்க்காத வேற ஏதோ ஒண்ணு அதுல இருக்கணும். புதுசா வேற புரதத்துக்குச் சாயம் போட்டுத் திரும்பப் பார்க்கணும்னு நினைச்சேன். ஆனா அதுக்காக நீங்க விட்டுட்டுப் போகணும்னு நான் சொல்ல மாட்டேன். அம்மா கேட்டதுக்கு அப்புறம் சொல்ல எனக்கு வாய் வராது.”

எங்கள் லேபிலும் இது நடக்கும். ஒரே மாவில் வார்த்த கட்டிகளில் மற்றதெல்லாம் தாங்கி நிற்க, ஒன்று மட்டும் முன்னாலேயே நொறுங்கிவிடும். அந்த நொறுங்கலை யாரும் பெருக்கித் தள்ள மாட்டோம். ஏன் நொறுங்கியது என்று அதனிடம்தான் கேட்க வேண்டும். அந்த அறையில் நான் பாதி லேப்காரனாகவும் பாதி அம்மாவுடைய பிள்ளையாகவும் உட்கார்ந்திருந்தேன். மடியில் தூக்கோடு இருக்கிறவளிடம் எந்த வாயால் விட்டுவிட்டுப் போவோம் என்று சொல்வது?

“என்னடா சொல்றாங்க?” என்றாள் அம்மா.

“அக்காவுக்குத் திரும்பி வரும்னு மொதல்லயே எழுதியிருக்கலையாம்மா. நல்லாயிருப்பான்னுதான் இருந்துச்சாம்.”

“அப்ப தலையெழுத்து இல்லியா?” அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். உனக்காக ரெண்டு வருஷமாக அவள் சொல்லி வந்த ஒரே சமாதானம் அந்தத் தலையெழுத்துதான். அதையும் நான் பிடுங்கிவிட்டேனோ என்று பயந்தேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எடுத்துட்டுப் போறதுக்கு முன்ன நான் பாக்கணும்” என்றாள்.

உறைய வைத்ததைப் பார்க்க முடியாது, ஸ்லைடைக் காட்டுகிறேன் என்றார் டாக்டர். அம்மா தூக்கை என் கையில் கொடுத்துவிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்தாள். முதலில் தன் இமையைத்தான் பார்த்திருப்பாள் போல, “ஒரே மசமசன்னு இருக்கே” என்றாள். டாக்டர் திருகித் திருகிச் சரிசெய்தார்.

“ம். இப்ப தெரியுது. புள்ளி புள்ளியா.”

“நீலமா கொஞ்சம், பழுப்பா கொஞ்சம் தெரியுதாம்மா?”

“தெரியுது. இதுல எது எம்பொண்ணு?”

“எல்லாமே அவங்க உடம்புல இருந்ததுதாம்மா.”

“அப்ப நோவு எது?”

டாக்டர் என்னைப் பார்த்தார். சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன்.

“பெருசு பெருசா, நெருக்கியடிச்சுக்கிட்டு இருக்குல்லம்மா, அதெல்லாம் நோய்தான். அதுல பழுப்பா இருக்கறது மேல மேல பிரியறதுக்குக் கிளம்பிடுச்சு.”

“இம்புட்டுமா?”

“ஆமாம்மா. அன்னிக்கு மஜ்ஜை பூரா அதுதான் இருந்தது.”

அம்மா கண்ணை எடுத்துவிட்டு நிமிர்ந்தாள். இவ்வளவு நிதானமாக அவள் பேசி நான் கேட்டதில்லை.

“அப்ப ஐஸ்ல கெடக்குறது எம்பொண்ணு இல்ல. எம்பொண்ண தின்னதுல்ல கெடக்கு.”

அம்மா மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்தாள்.

“இதப் போயி ஆத்துல வுடணும்னு வந்தேனே பாவி. சனம் குளிக்கிற ஆறு, மாடு கண்ணு தண்ணி குடிக்கிற ஆறு. வாணாம்மா. அது இங்கயே கெடக்கட்டும். நல்லா குளுருல போட்டுப் பூட்டி வையிங்க. என்னா வேணுமோ கேளுங்க அத, ஏன்டா அப்புடிப் பண்ணுனேன்னு கேளுங்க. வெளிய மட்டும் வுட்டுறாதீங்க.”

“விட மாட்டேம்மா” என்றார் டாக்டர்.

முடிந்தது என்று நான் எழுந்துவிட்டேன். அம்மா வாசல்வரை போய்த் திரும்பி வந்தாள். “அதுல நல்லது ஒண்ணு ரெண்டாச்சும் இருக்குமாம்மா?”

“இருக்கும்மா. இருங்க.”

டாக்டர் ரொம்ப நேரம் ஸ்லைடைத் தள்ளித் தள்ளித் தேடினார். பிறகு எழுந்து இடம் கொடுத்தார். “நடுவுல பாருங்க. சின்னதா, உருண்டையா, தனியா நிக்குது. அதுல நோய் இல்லை. அது வளர்மதிதான்.”

அம்மா பார்த்தாள்.  அவள் விரல்கள் மேஜை விளிம்பைத் தடவிக்கொண்டே இருந்தன, உன் தலையைத் தடவுவது போல.

“இம்மாம் கூட்டத்துல ஒத்தையா நிக்கிறாளே” என்றாள். அப்புறம் அவளே, “நிக்கட்டும். பரீட்ச ஹாலுல நிக்கிறாப்லதான் நிக்கிறா. அதுங்க மேல ஒரு கண்ணு இருக்கட்டும். டீச்சருக்குத் தெரியாததா?” என்றாள்.

எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டு டாக்டரின் கையைப் பிடித்தாள். “தையில எம்புள்ளைக்குக் கல்யாணம். அவ வரணும். அதுக்கு மட்டும் ஒரு நாளு லீவு குடுத்து அனுப்புங்க டாக்டரம்மா.”

கண்ணாடி டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். மறுபடி கழற்றினார்.

“அனுப்பறேம்மா” என்றார்.

திரும்பி வரும்போது அந்தத் தூக்கில் அம்மா ஸ்டேஷன் இட்லி வாங்கி வைத்துக்கொண்டாள். விருத்தாசலம் தாண்டியதும், “அந்த மாம்பழக் கலரு புடவைய நாளைக்கு எடுத்து நெழல்ல காத்தாடப் போடணும். மடிப்புல இத்துப் போயிரும்” என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். நீ போனதிலிருந்து அவள் உன் பீரோவைத் திறந்ததே இல்லை அக்கா.

ஆக, உன் கேள்விக்குப் பதில் இதுதான். எழுதியிருக்கவில்லை. நீ ஸ்கார்ஃப் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனபோதும், அடுத்த வருஷத்துக்குப் பாடம் பிரித்தபோதும், கடைவீதியில் நின்று கரையை உரசிப் பார்த்து அந்தப் புடவையை எடுத்தபோதும், எந்தக் கண்ணாடியிலும் உனக்கு எதிராக ஒரு வரி இல்லை. அந்த ஸ்லைடைப் படித்தவரும் உன்னைப் போலத்தான் நம்பியிருப்பாராம். நீ நம்பினது முட்டாள்தனம் இல்லை. இதை உன் காதில் சொல்ல முடியாமல் போனதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீ இருந்தபோதே தெரிந்திருந்தால் உன் கட்டிலுக்கு ஓடி வந்திருப்பேனே.

அப்புறம் ஏன் திரும்பி வந்தது? அது இன்னும் யாருக்கும் தெரியாது. உன்னுடையதை வைத்துக்கொண்டு கண்ணாடி டாக்டர் தேடிக்கொண்டிருக்கிறார். தெரிந்தால் போன் செய்வார். தெரிந்த அன்றே உனக்கு எழுதுவேன். தெரியாமலே போனால் அதையும் எழுதுவேன்.

தை பிறந்ததும் திருமானூருக்கு வந்து கொள்ளிடத்தில் குடத்தை முக்கி உன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவேன். உன் புடவையை வைத்துத்தான் படையல். படைத்து எடுத்ததும் நம் சித்தி மகள் கவிதா அதைக் கட்டிக்கொண்டு உன் இடத்தில் முடிச்சுப் போட சுமதிக்குப் பின்னால் வந்து நிற்பாள். சுமதியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். “மூணாவது முடிச்சு போடறப்ப நான் கொஞ்சம் தல குனிஞ்சே இருக்கேன், அவங்க மெதுவா போடட்டும்” என்றாள். உனக்கு அவளைப் பிடிக்கும்.

லீவு சொல்லியாகிவிட்டது அக்கா. காதை மூடிக்கொண்டு வா. வந்து முடிச்சை இறுக்கிப் போட்டுவிட்டு, வேலைக்குத் திரும்பிப் போ.

இப்படிக்கு,
உன் கேள்விக்குப் பதிலோடு வந்திருக்கும்
உன் தம்பி
செந்திலு